ஆவணத்தில் பிழை திருத்தினேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள்

கேள்வி: ஒரு நிரலாக்க மொழியைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அதன் அதிகாரப்பூர்வ ஆவணங்களைப் படிக்கும்போது கண்ணில் பட்ட பிழைகளை எல்லாம் குறித்து வைத்தேன். எழுத்துப்பிழை, இலக்கணப் பிழை, எங்கும் போகாத இணைப்பு, தவறான பக்கத்துக்குப் போகும் இணைப்பு என்று 12 கோப்புகளில் 37 இடங்கள். எல்லாவற்றையும் திருத்தி ஒரே புல் ரிக்வெஸ்டாக (மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கும் கோரிக்கையாக) அனுப்பினேன். மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு ஒருவர், “பிரித்து அனுப்புங்கள்” என்றார். இன்னொருவர், இரண்டு இடங்களில் முன்பு இருந்ததே சரி என்று சொல்லி மூடிவிட்டார். ஒன்று, ‘ஆர்க்யுமென்ட்’ என்று இருந்ததை எல்லாம் ‘பாராமீட்டர்’ என்று ஒரே சீராக்கியது. மற்றது, ‘மே’ என்று இருந்த இடத்தில் ‘வில்’ போட்டது. ஆங்கிலம் என் தாய்மொழி இல்லை. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ என்று தோன்றுகிறது. மீதி 35 திருத்தங்களை என்ன செய்வது?

பதில்:

வணக்கம்.

அந்த 35-ஐயும் அழித்துவிடாதீர்கள். தொழில்நுட்ப ஆவணங்களை எழுதியும் திருத்தியும் பிழைப்பவன் நான். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் ஆங்கிலத்தில் கோளாறு இல்லை. வெவ்வேறு வகைத் திருத்தங்களை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியதில்தான் கோளாறு. சொல்லப்போனால், ஒரு மொழியைச் சரளமாகப் படிப்பவரின் கண் பிழையைத் தானே சரிசெய்துகொண்டு ஓடிவிடும். வார்த்தை வார்த்தையாகப் படிப்பவர்தான் தடுக்கி நிற்பார். இரண்டு மூன்று முறை படித்தும் ஒரு வாக்கியம் உங்களுக்குப் புரியவில்லை என்றால், வாக்கியத்தைச் சந்தேகப்படுங்கள். உங்களைச் சந்தேகப்படுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் எந்த மொழி என்று எழுதவில்லை. எனக்கு நன்றாகப் பழக்கமான பைத்தானையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் 37-இல் இரண்டு ஜாதித் திருத்தங்கள் இருக்கின்றன. ஒன்று எழுத்தைத் திருத்துவது, மற்றது பொருளைத் திருத்துவது. இந்தப் பிரிவு நான் கண்டுபிடித்தது இல்லை. சி++ தரநிலையைப் பராமரிப்பவர்கள் எழுத்துத் திருத்தங்களை ஒரு வழியிலும், பொருள் மாறும் பிரச்சினைகளைக் குழுவின் தனிப் பட்டியல் வழியாகவும் கையாளுகிறார்கள். இணையத்தின் நெறிமுறைகளைச் சொல்லும் ஆர்எஃப்சி ஆவணங்கள் ஒருமுறை வெளியானால் மாறவே மாறாது. பிழை கண்டவர் பிழைப்பட்டியலில் பதிய வேண்டும். பதியும்போதே ‘எடிட்டோரியல்’ (எழுத்து), ‘டெக்னிக்கல்’ (பொருள்) இரண்டில் எது என்று குறிப்பிட வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டின் தரநிலையிலும் மாற்றத்தின் தலைப்பிலேயே ‘எடிட்டோரியல்’, ‘நார்மேட்டிவ்’ (பொருள் மாறுவது) என்று அடையாளம் போடுகிறார்கள். இத்தனை பேர் இதில் கறாராக இருப்பதற்குக் காரணம், இரண்டையும் சரிபார்க்கும் விதம் வேறு. எழுத்துப்பிழையைச் சரிபார்க்க ஒரு பார்வை போதும். ‘மே’ என்பதை ‘வில்’ ஆக்கியதைச் சரிபார்க்க நிரலைத் திறக்க வேண்டும், சில நேரம் அந்த மாட்யூலை (நிரலின் அந்தப் பகுதியை) எழுதியவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். நீங்கள் இரண்டையும் கலந்தபோது, 35 எளிய திருத்தங்களும் அந்த இரண்டுக்காக வரிசையில் காத்து நின்றன.

சரி, அந்த ‘மே’க்கு வருவோம். தமிழில் “நாளை மழை வரலாம்” என்கிறோம், “நீங்கள் உள்ளே வரலாம்” என்றும் சொல்கிறோம். முதலாவது வாய்ப்பு, இரண்டாவது அனுமதி. ஆங்கில ‘மே’யும் இதே இரட்டை வேடம் போடும். ஆனால் இரண்டு வேடத்திலும் அது ‘வில்’ ஆகாது. “இந்த ஃபங்ஷன் வெறுமையைத் தரலாம்” என்று எழுதியிருந்தால், படிப்பவர் வெறுமை வருகிறதா என்று சோதித்துவிட்டு மேலே போவார், வராத நாளுக்கும் தயாராக இருப்பார். “தரும்” என்றால் வேறு கணக்கு. நெறிமுறை ஆவணங்களில் இந்தச் சொற்களின் எடையைப் பிடித்துக் கட்டவே 1997-இல் ஆர்எஃப்சி 2119 வந்தது. ‘மஸ்ட்’ என்றால் கட்டாயம், ‘ஷுட்’ என்றால் தக்க காரணம் இருந்தால் மீறலாம், ‘மே’ என்றால் அவரவர் விருப்பம். சிறிய எழுத்தில் வரும் ‘மஸ்ட்’டும் அதே கணக்கா என்ற குழப்பம் தீர 20 ஆண்டு ஆயிற்று. 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8174, பெரிய எழுத்தில் இருந்தால்தான் அந்தப் பொருள் என்று சொல்லி முடித்துவைத்தது. நிரலாக்க மொழிகளின் ஆவணங்கள் எல்லாம் இவ்வளவு கண்டிப்பாக எழுதப்படுவதில்லை. ஆனாலும் இந்த வகைச் சொற்களைத் தொடும்போது கை கொஞ்சம் நடுங்குவது நல்லது.

எனக்கு அந்த நடுக்கம் அனுபவத்தில் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லைப்ரரியின் கையேட்டைச் சுருக்கிக்கொண்டிருந்தேன். “இந்த ஃபங்ஷன் கோப்புப் பெயர்களைப் பொதுவாக அகரவரிசையில் தரும்” என்று ஒரு வாக்கியம். அந்தப் ‘பொதுவாக’ எனக்கு வழவழவென்று பட்டது, எடுத்துவிட்டேன். ரிவ்யூ செய்தவருக்கும் வாக்கியம் பிடித்துப்போனது. சில மாதம் கழித்து ஒருவர் அதை நம்பி, பட்டியலில் கடைசியாக வரும் பெயர்தான் புதிய கோப்பு என்று நிரல் எழுதிவிட்டார். அவர் கணினியில் ஒழுங்காக ஓடியது. சர்வரில் இருந்த கோப்பு முறைமை வேறு. அங்கே வரிசை மாறி, பழைய கோப்பை எடுத்து வேலை முடித்துவிட்டது. அந்த வாக்கியத்திலேயே முக்கியமான சொல் ‘பொதுவாக’தான். அதை எடுத்துவிட்டு நடை அழகாகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டிருந்தேன்.

அப்படியானால் நிரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருத்தினால் போதுமா? போதாது. பைத்தான் 3.6 வெளியான 2016 டிசம்பரில், டிக்‌ஷனரியில் (சாவியும் மதிப்பும் ஜோடியாக வைக்கும் அமைப்பு) போட்ட வரிசையிலேயே சாவிகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஓட்டிப் பார்த்த யாருக்கும் தெரியும். ஆனால் ஆவணம், “இது இந்தப் பதிப்பின் உள்வேலை, நம்பி எழுதாதீர்கள்” என்ற பொருளில் எச்சரித்துக்கொண்டே இருந்தது. 2017 டிசம்பரில் மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் அதை உறுதியாக்கலாம் என்று முடிவு சொன்ன பிறகு, 2018-இல் வந்த 3.7 முதல்தான் அது மொழியின் வாக்குறுதி ஆயிற்று. நடுவில் இருந்த அந்த ஓராண்டில் ஒருவர், “நான் ஓட்டிப் பார்த்தேன், வரிசை மாறவில்லை, இந்த எச்சரிக்கை வேண்டாத சுமை” என்று நீக்கி அனுப்பியிருந்தால், அவர் ஓட்டிப் பார்த்தது உண்மை, அனுப்பிய திருத்தம் தவறு. நிரல் இன்று செய்வது வேறு, நாளையும் செய்யும் என்று எழுதிக் கொடுப்பது வேறு. ஒரு வாக்கியம் ஏன் அப்படி மழுப்பலாக இருக்கிறது என்று தெரிய, அந்த வரியைக் கடைசியாகத் தொட்ட கமிட்டை, அதாவது பதிவான மாற்றத்தை, தேடிப் படியுங்கள். மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் ‘கிட்’ கருவியில் அதற்கு ‘பிளேம்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. பெயர்தான் கொஞ்சம் மோசம். பத்தில் பாதி நேரம் உங்கள் சந்தேகத்துக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும், புல் ரிக்வெஸ்ட்டும் மிச்சம்.

ஆர்க்யுமென்ட், பாராமீட்டர் விஷயம் வேறு. ஃபங்ஷனை வரையறுக்கும்போது அடைப்புக்குறிக்குள் நாம் வைக்கும் பெயர் பாராமீட்டர். அழைக்கும்போது உள்ளே அனுப்பும் மதிப்பு ஆர்க்யுமென்ட். ஒன்று நாற்காலி, மற்றது அதில் வந்து உட்காரும் ஆள். “ஆர்க்யுமென்ட் எதிர்ம எண்ணாக இருந்தால் எரர் வரும்” என்ற வாக்கியம் ஆளைப் பற்றிப் பேசுகிறது. அதை நாற்காலி என்று மாற்றினால் படிப்பவருக்குப் புரியும்தான், ஆனால் சரியாக இருந்ததைக் கலைத்தது ஆகிவிடும். இதற்காக மனம் நோக வேண்டாம். இந்தக் குழப்பம் எவ்வளவு பரவலானது என்றால், இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று பைத்தானின் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளிலேயே ஒரு கேள்வி இருக்கிறது. தேடி மாற்றும் கட்டளையால் ஆவணம் முழுவதும் ஒரு சொல்லை ஒரே அடியில் மாற்றும் ஆசை வரும்போது மட்டும், ஒவ்வொரு இடத்தையும் தனியாகப் படித்தேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி இணைப்புகள். உங்கள் பட்டியலில் எனக்குப் பிடித்ததே “தவறான பக்கத்துக்குப் போகும் இணைப்பு” என்ற வரிதான். அறுந்த இணைப்பைக் கருவி பிடித்துவிடும். எங்கும் போகாத வெளி இணைப்புகளைச் சோதிக்க, பைத்தான் ஆவணங்களை வலைப்பக்கங்களாக்கும் கருவியான ஸ்பிங்ஸில் தனி வசதி உண்டு. உள் இணைப்புகளுக்கு, எல்லாவற்றையும் குறை சொல்லும் கண்டிப்பான முறையைப் போட்டு பில்ட் செய்தால் (பக்கங்களை உருவாக்கினால்) போதும், போய்ச் சேராத ஒவ்வொன்றுக்கும் வார்னிங் வரும். (அந்த முறையைப் போடாவிட்டால், ஒரு ஃபங்ஷனின் பெயரைத் தவறாக எழுதினாலும் ஸ்பிங்ஸ் வாயைத் திறக்காது. இணைப்பு இல்லாமல் பெயரை மட்டும் நிரல் எழுத்துருவில் அச்சிட்டுவிட்டுப் போய்விடும்.) தவறான இடத்துக்குப் போகும் இணைப்பு அப்படி இல்லை. அது நன்றாக வேலை செய்கிறது. கருவிக்கு அது பிழையே இல்லை. சொடுக்கிப் படித்து, “நான் தேடி வந்தது இது இல்லையே” என்று உணரும் மனிதர் ஒருவர் வேண்டும்.

அருகில் வைத்துக் காட்டுகிறேன். பைத்தானில் ‘ஓபன்’ என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபங்ஷன்கள் உண்டு. எந்த மாட்யூலையும் அழைக்காமலே கிடைக்கும் பொது ஓபன் ஒன்று. ‘ஓஎஸ்’ மாட்யூலில் உள்ள, இயங்குதளத்தோடு நேரடியாகப் பேசும் ஓபன் இன்னொன்று. முதலாவது கோப்புப் பொருளைத் தரும், இரண்டாவது வெறும் எண்ணைத் தரும். ஓஎஸ் மாட்யூலின் பக்கத்தை எழுதுபவர் வெறுமனே ‘ஓபன்’ என்று இணைப்புப் போட்டால், ஸ்பிங்ஸ் முதலில் எந்த முன்னொட்டும் இல்லாமல் தேடும். பொது ஓபன் கிடைத்ததும் அங்கேயே நின்றுவிடும். முன்னால் ஒரு புள்ளி வைத்து எழுதினால்தான் தேடும் வரிசை தலைகீழாகி, அதே மாட்யூலின் ஓபனுக்குப் போகும். ஒரே ஒரு புள்ளி! அது இல்லாவிட்டால், இயங்குதள எண்ணைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவர் சம்பந்தமில்லாத பக்கத்தில் போய் விழுவார், எந்த வார்னிங்கும் வராது. முழுப் பெயரையும் எழுதிவிடுவதுதான் என் பழக்கம். நீளமாகத் தெரிந்தால் முன்னால் அலைக்குறி போட்டால் கடைசிப் பகுதி மட்டும் திரையில் தெரியும், இணைப்பு சரியான இடத்துக்கே போகும். ரஸ்ட் மொழியில் இந்த விஷயம் இன்னும் கறார். ஒரே பெயரில் ஒரு வகையும் ஒரு ஃபங்ஷனும் இருந்தால், எது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லச் சொல்லி அதன் ஆவணக் கருவியான ரஸ்ட்டாக் முறையிடும்.

பிழை இல்லாத வாக்கியத்துக்கும் ஓர் இணைப்பு தேவைப்படலாம். பைத்தானின் ‘எல்ஸ்ட்ரிப்’ மெத்தடை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்ட்ரிங்கின் (எழுத்துத் தொடரின்) இடது ஓரத்திலிருந்து, நாம் கொடுக்கும் எழுத்துகளை அது நீக்கும். பலர் இதை “முன்னொட்டை நீக்கும்” என்று புரிந்துகொள்கிறார்கள். ‘101105’ என்ற ஸ்ட்ரிங்கில் ‘10’ஐ எல்ஸ்ட்ரிப் செய்தால் ‘1105’ வரும் என்று எதிர்பார்ப்பார்கள். வருவது ‘5’. ஏனென்றால் அது ‘10’ என்ற தொடரைப் பார்ப்பதில்லை. 1, 0 என்ற இரண்டு எழுத்துகளில் எது வந்தாலும் நீக்கிக்கொண்டே போகும், வேறு எழுத்து குறுக்கிட்டால்தான் நிற்கும். ஆவணம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் முன்னொட்டை நீக்க வந்தவருக்குத் தேவை, “இது இல்லை, அது” என்று கைகாட்டுவது. 2020-இல் 3.9 பதிப்பில் ‘ரிமூவ்பிரிஃபிக்ஸ்’ வந்த பிறகு, எல்ஸ்ட்ரிப் பகுதியிலேயே அதற்கு ஒரு குறிப்பும் உதாரணமும் சேர்ந்தன. நான் பார்த்த குறுக்கு இணைப்புகளில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. படிப்பவர் எந்த இடத்தில் வழி தவறுவாரோ, சரியாக அந்த இடத்தில் நிற்கிறது. நீங்கள் எங்கே வழி தவறினீர்கள் என்று நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே அது மறந்துவிடும்.

‘வரை’ என்ற சொல்லையும் இதே கண்ணோடு பாருங்கள். “1 முதல் 6 வரை” என்றால் தமிழில் 6-ம் சேரும். பைத்தானில் ‘ரேஞ்ச்’ 1, 6 கேட்டால் 5-உடன் நிறுத்தும். ‘ரேண்டின்ட்’ அதே 1, 6-க்கு 6-ஐயும் தரும். இந்த மாதிரி ஃபங்ஷனின் விளக்கத்தில் கடைசி எண் உள்ளேயா வெளியேயா என்று சொல்லாமல் விட்டிருந்தால், அதைச் சேர்ப்பது நல்ல திருத்தம். ஓட்டிப் பார்த்து, முடிவையும் திருத்தத்தோடு ஒட்டி அனுப்புங்கள்.

“மேலே சொன்னபடி”, “அடுத்த பகுதியில்”, “4.2-ஐப் பார்க்க” போன்றவை இன்று சரியாக இருக்கும், பகுதியை இடம் மாற்றினால் பொய்யாகும். சி++ தரநிலையில் பதிப்புக்குப் பதிப்பு பகுதி எண்கள் மாறுவதால், ஒவ்வொரு பகுதிக்கும் மாறாத ஒரு குறும்பெயர் வைத்திருக்கிறார்கள். எண்ணை விட்டுவிட்டுப் பெயருக்கு இணைப்பதுதான் வழி. இதில் ஒரு பொறி உண்டு. பகுதித் தலைப்பில் ஒரு எழுத்துப்பிழை இருந்து அதைத் திருத்தினால், தலைப்பிலிருந்து தானாக உருவாகும் இணைப்பு முகவரியும் மாறிவிடும். வெளியே எத்தனையோ பேர் அந்தப் பழைய முகவரியைப் பதில்களில் ஒட்டி வைத்திருப்பார்கள். சொடுக்கினால் பிழைச் செய்திகூட வராது, பக்கத்தின் தலைமாட்டில் கொண்டுபோய் விடும். தலைப்பைத் திருத்தும்போது பழைய பெயரை லேபிளாக மேலே வைத்துவிடுங்கள்.

ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. பைத்தான் ஆவணங்களை ஜப்பானியம், பிரெஞ்சு, கொரியன் என்று பல மொழிகளில் பெயர்க்கிறார்கள். மூல வாக்கியத்தையும் மொழிபெயர்ப்பையும் ஜோடியாக வைத்து நடக்கும் வேலை அது. மூலத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் ஜோடி பிரிந்து, அந்தப் பத்தி “சரிபார்க்க வேண்டும்” என்ற நிலைக்குப் போகும். ஸ்பிங்ஸின் இயல்பான அமைப்பில் அப்படிப்பட்ட பத்திகளை வெளியிடுவதில்லை. மொழிபெயர்ப்பாளர் மறுபடி கை வைக்கும்வரை ஜப்பானிய வாசகருக்கு நடுவில் ஓர் ஆங்கிலப் பத்தி தெரியும். ஆகவே, பிழை என்றால் தயங்காமல் திருத்துங்கள். “நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்” என்பதற்காக மட்டும் தொடாதீர்கள். இதே காரணத்துக்காகத்தான் சில பராமரிப்பாளர்கள் நடைத் திருத்தங்களுக்கு முகம் சுளிக்கிறார்கள். முரட்டுத்தனமாகத் தெரியும், ஆனால் காரணம் இருக்கிறது.

இப்போது உங்கள் 35. முதலில் வளர்ச்சிப் பதிப்பின் ஆவணத்தைத் திறந்து, எத்தனை பிழைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று பாருங்கள். சில ஏற்கெனவே திருத்தப்பட்டிருக்கும். மிச்சத்தில் வெறும் எழுத்துப்பிழைகளை ஒரு கட்டாக, தலைப்பிலேயே அப்படிச் சொல்லி அனுப்புங்கள். மார்க்டவுன் என்ற எழுத்து வடிவத்தின் பழக்கத்தில் ஒற்றை ‘பேக்டிக்’ குறி (`) போட்டு எழுதிய நிரல் பெயர்களும் இந்தக் கட்டில் சேரும். பைத்தான் ஆவணங்கள் எழுதப்படும் வடிவத்தில் நிரல் எழுத்துரு வர இரட்டைக் குறி வேண்டும். பத்தியில் ஒரு சொல்லைத் திருத்திவிட்டு மொத்தப் பத்தியின் வரிகளையும் மறுபடி மடக்கி அடுக்காதீர்கள். ரிவ்யூ செய்பவர் திரையில் எட்டு வரி சிவப்பும் எட்டு வரி பச்சையுமாக வரும், மாறிய ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

தவறான இடத்துக்குப் போகும் இணைப்புகளை இன்னொரு கட்டாக, மாட்யூலுக்கு ஒன்று என்று பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் “இப்போது இங்கே போகிறது, இங்கே போக வேண்டும், காரணம் இது” என்று ஒரு வரி. அந்த மூன்று துண்டும் இருந்தால் உங்கள் ஆங்கிலம் எப்படி இருந்தாலும் யாருக்கும் கவலை இல்லை. கண்ட இடத்தில் எல்லாம் புதிதாக இணைப்புச் சேர்ப்பதை மட்டும் தவிருங்கள். ஒரு பத்தியில் ஒரே பெயருக்கு ஐந்து இணைப்பு இருந்தால் எதையும் சொடுக்கத் தோன்றாது. எனக்கு முதல் முறை வரும் இடத்தில் ஒன்று போதும்.

சில பிழைகள் நீங்கள் தேடும் கோப்பில் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பைத்தானில் ‘ஹெல்ப்’ கொடுத்தால் திரையில் வரும் விளக்கம் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டது. வலைப்பக்கத்தில் உள்ள விளக்கம் தனிக் கோப்பு. ஒரே பிழை இரண்டிலும் இருந்தால் இரண்டையும் திருத்த வேண்டும்.

ஒரு பொருள் மாறும் திருத்தம் உண்மையிலேயே தேவை என்று பட்டால், திருத்தத்தை அனுப்பாமல் கேள்வியாகக் கேளுங்கள். “ஆவணம் இப்படிச் சொல்கிறது, நான் ஓட்டியபோது இப்படி வந்தது, எது நோக்கம்?” என்று. சில நேரம் ஆவணம் சரியாக இருந்து நிரல் தவறாக இருக்கும். அப்போது நீங்கள் கண்டுபிடித்தது ஆவணப் பிழை இல்லை, நிரல் பிழை.

மூடிய அந்தப் புல் ரிக்வெஸ்ட்டில் ஒரு வரி பதில் எழுதிவிடுங்கள்: அந்த இரண்டும் தவறு என்று புரிந்தது, மற்றவற்றைப் பிரித்து அனுப்புகிறேன் என்று. பிறகு எழுத்துப்பிழைக் கட்டை முதலில் அனுப்புங்கள். அது சேர்ந்த பிறகு இணைப்புகள்.